தரையைத் தொடாத உருளை

7

அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. தூங்குகிறவர்களின் முதுகு இவ்வளவு விறைப்பாக இருக்காது.

நாளைக் காலையில் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் இன்ஸ்பெக்டர். கூட்டிவரத்தான் சொன்னார். திருப்பி அனுப்புவதாகச் சொல்லவில்லை.

என் மடியில் அவளுடைய லேப்டாப். திரையில் பெட்டிகளும் உருளைகளுமாக ஒரு கூடம். எல்லாம் நேராக இருக்கின்றன, ஒன்றே ஒன்று சாய்ந்திருக்கிறது. அதை நான் நேராக்கிவிடலாம். ஒரு பட்டன் போதும். நேராக்கினால் நல்லதா கெட்டதா என்றுதான் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. அதனால் இன்று நடந்ததை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

அலமாரி, பீரோ, சமையலறை மேடையெல்லாம் செய்துகொடுக்கும் கடை அது. அக்கா அங்கே டிசைனர். கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து வாடிக்கையாளருக்குக் காட்டுவாள். அவள் வரைந்ததைப் பொருத்துகிற ஃபிட்டர் எங்கள் அப்பா. “நான் வரைவேன், அப்பா முறுக்குவார்” என்று அக்கா பெருமையாகச் சொல்லுவாள். முந்தாநாள் மத்தியானம் பெரிய முதலாளி மாடி ஷோரூமில், படிக்கட்டு கீழே இறங்கும் பள்ளத்துக்குள் தலைகுப்புற விழுந்தார். இன்னும் கண் திறக்கவில்லை.

மாடியில் கேமரா இருக்கிறது. மலிவான கேமரா; வீடியோ ஓடாது, விட்டு விட்டுப் படம் பிடிக்கும். ஒரு படத்தில் பெரிய முதலாளி பள்ளத்தின் ஓரக் கைப்பிடியில் கை வைத்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் அக்கா. அவள் கை நீண்டிருக்கிறது. உள்ளங்கை அவர் முதுகோரம் மறைகிறது. அடுத்த படத்தில் அவர் இல்லை. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் படத்தைத் தேடி எடுத்து போலீஸிடம் கொடுத்தவர் சின்ன முதலாளி, விழுந்தவரின் தம்பி.

அம்மா அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு மேலே மாடி வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே குடியிருப்பவருக்குத் துப்பறிவதுதான் தொழில். இரண்டு காலும் ஒரு கைத்தடியுமாக நடப்பதால் தெருவே அவரை முக்காலி என்று சொல்லும். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். அவருடைய உதவியாளர் ஒரு பெண். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் பம்பரம். அவள் வாயும் நிற்காது.

“எதுக்கு இதெல்லாம்? வீண் வேலை,” என்றார் அப்பா. சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று மத்தியானம் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். அந்தக் கூடத்தையே வரைந்தது அக்காதான். அந்த வரைபடம் அவள் லேப்டாப்பில் இருந்தது. அதைத் திறந்து காட்டத் தெரிந்த ஆள் நான்.

சின்ன முதலாளி மாடிப்படியிலேயே எதிர்கொண்டார்.

“வாங்க சார், வாங்க. தாராளமா பாத்துக்குங்க. எங்களுக்கு மறைக்க என்ன இருக்கு?” என்றவர் நேரே பள்ளத்தின் ஓரம் போய், இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். “பாருங்க. அசையுதா? இரும்பு மாதிரி நிக்குது. அண்ணன் தானா விழ வாய்ப்பே இல்ல.”

“இரும்புதானே சார். வேற எது மாதிரி நிக்கும்?” என்றாள் பம்பரம்.

அவர் அவளை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “உங்க அக்காவுக்கு நாங்க என்ன குறை வெச்சோம் பாப்பா? அன்னிக்குக் காலையில வாடிக்கையாளர் முன்னாடி அண்ணன் ரெண்டு வார்த்தை திட்டினாரு. அதுக்காகப் பழி வாங்குறதா?”

நான் லேப்டாப் பையை இறுக்கிக்கொண்டேன்.

முக்காலி கேமராவைப் பார்த்தார். கூடத்தின் முன் மூலையில், கூரையை ஒட்டி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் முதலில் மாதிரிப் பலகைகள் அடுக்கிய உயரமான மேசை, அதைத் தாண்டிப் படிக்கட்டுப் பள்ளம், அதற்கும் பின்னால் நீளமான கூடம், கடைசியில் சுவர் முழுக்க அலமாரிகள். அவர் கைப்பிடி மேல் சாய்ந்து பள்ளத்தை எட்டிப் பார்த்தார். நிமிரும்போது சர்ரென்று ஒரு சத்தம். சட்டைக் கை ஒரு நட்டில் மாட்டிக் கிழிந்திருந்தது.

“போன கேஸ்ல செருப்பு. இந்தக் கேஸ்ல சட்டை,” என்றாள் பம்பரம். “அடுத்த கேஸை வெயில் காலத்துல எடுத்துக்கலாம் சார்.”

“உங்க அக்கா இங்க என்ன செஞ்சிட்டிருந்ததா சொன்னாங்கம்மா?” என்று என்னைக் கேட்டார் முக்காலி, கிழிசலைத் தடவியபடி.

“அலமாரிக் கதவை மூடிட்டு இருந்தாளாம். போலீஸ்லயும் அதைத்தான் சொன்னா.”

“எந்த அலமாரி?”

“அதை நான் கேக்கலை சார்.”

வெளியே வந்ததும் பம்பரம் அந்தக் கிழிசலுக்கு ஊக்கு குத்தினாள். அப்போதுதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் சொன்னேன்:

“எங்கப்பா முறுக்கினா இப்படிக் கிழியாது. போல்ட்டோட மொழுமொழு தலைதான் ஆள் நிக்கிற பக்கம் வரும், நட்டு அந்தப் பக்கம் போயிடும். சின்ன வயசுல அக்கா பாவாடை ஒரு நட்டுல மாட்டிக் கிழிஞ்சுது. அன்னியிலிருந்து அப்பா அப்படித்தான் மாட்டுவாரு. தலைகீழாத் தொங்கினாலும் மாத்த மாட்டாரு.”

முக்காலி ஊக்கு குத்திய கிழிசலைத் திருப்பிப் பார்த்தார்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா உள்ளே படுத்திருந்தாள். அப்பா வாசலில்.

“படத்துல இருக்கிறதை இதுல கட்டிக் காட்ட முடியுமா?” என்று கேட்டார் முக்காலி.

“எனக்கு அக்கா அளவுக்கு வராது. பெட்டி, உருளை, உருண்டை, கூம்பு, அவ்வளவுதான் தெரியும்.”

“மனுஷன்னா என்ன? உருளை மேல ஒரு உருண்டை,” என்றாள் பம்பரம். “சார்ன்னா கூட ஒரு குச்சி.”

சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் தடவை.

அக்காவின் வரைபடத்தைத் திறந்தேன். சுவர், பள்ளம், கைப்பிடி, அலமாரி எல்லாம் அளவு மாறாமல் இருந்தன. கேமரா இருக்கும் மூலையில் சாஃப்ட்வேரின் கேமராவை வைத்தேன். போலீஸ் கொடுத்த படத்தைப் பின்னால் போட்டு அதன் மேல் கூடத்தைப் பொருத்தினேன். தூண் தூணோடு சேர்ந்தது. மேசை மேசையோடு சேர்ந்தது. கைப்பிடியில் ஒரு துண்டு மட்டும் சேரவில்லை. என் கைதான் சரியில்லை என்று விட்டுவிட்டேன். பெரிய முதலாளிக்கு ஒரு உருளை. அதன் பக்கத்தில் அக்காவுக்கு ஒன்று. மேசை மறைப்பதால் படத்தில் இருவருக்கும் இடுப்புக்கு மேல்தான் தெரியும். தெரிகிற அளவுக்கு இழுத்து, குறைத்து, பொருத்தினேன். கைக்கு ஒரு ஒல்லி உருளை.

அச்சு அசலாகப் பொருந்தியது. அக்காவின் கை பெரிய முதலாளியின் முதுகில்.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நானே என் கையால் அக்காவைக் கூண்டில் ஏற்றிவிட்டேன் என்று தோன்றியது. மவுஸ் கையிலிருந்து வழுக்கியது. அந்த வழுக்கலில் காட்சி சுழன்றது.

“நில்லு, நில்லு!” பம்பரம் எழுந்தே விட்டாள். “உங்கக்கா பறக்குறாங்க!”

பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பெரிய முதலாளியின் உருளை தரையில் நின்றது. அக்காவின் உருளை, பொம்மை அளவுக்குச் சின்னதாக, அந்தரத்தில் தொங்கியது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புதிதாகக் கற்கிற எல்லோரும் செய்கிற தப்பு அது. எத்தனை தடவை அக்கா தலையில் குட்டியிருப்பாள்! “ஒரே பக்கத்திலிருந்து பாத்து வரையாதடி. திருப்பிப் பாரு. ஸ்கிரீன்ல ஒட்டிக்கிட்டு இருக்கிறதெல்லாம் நிஜத்துல ஒட்டிக்கிட்டு இருக்காது.”

“தப்பா வரைஞ்சுட்டேன். அழிச்சுட்டு மறுபடி—”

“அழிக்காதே.” முக்காலியின் கைத்தடி தரையில் ஒரு தட்டு தட்டியது. “நீ தப்பா வரையலை. அந்த இன்ஸ்பெக்டர் என்ன பாத்தாரோ அதைத்தான் வரைஞ்சிருக்கே. அங்க நிக்கணும்னா உங்கக்கா குழந்தை சைஸுல இருக்கணும், காத்துல மிதக்கணும். உங்கக்கா என்ன உயரம்?”

“என்னைவிட ஒரு சாண் உயரம்.”

“அந்த உயரத்தைக் கொடு. காலைத் தரையில வை. அப்புறம் பின்னால தள்ளிக்கிட்டே போ. படத்தோட எங்க சேருதுன்னு பாப்போம்.”

தள்ளினேன். பள்ளத்தின் ஓரத்தை விட்டு விலகி, கூடத்தின் பாதியைத் தாண்டி. தள்ளத் தள்ளத் திரையில் அக்கா சிறுத்துக்கொண்டே வந்தாள். கடைசிச் சுவருக்குக் கொஞ்சம் முன்னால் உருளை படத்தோடு கச்சிதமாக உட்கார்ந்தது. கால் தரையில் இருந்தது.

மேலிருந்து பார்த்தேன். அவளுக்கும் பெரிய முதலாளிக்கும் நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம்.

“இங்கிருந்து கையை நீட்டி அவரைத் தள்ளணும்னா, உங்கக்கா கையை மடிச்சு வைக்க ஒரு பீரோ வேணும்,” என்றாள் பம்பரம்.

அம்மா அழுகையும் சிரிப்புமாக உள்ளே ஓடினாள். “எழுந்து வாடி! உன் தங்கச்சி என்ன செஞ்சிருக்கான்னு வந்து பாரு!”

அக்கா வந்தாள். திரையைப் பார்த்தாள். அவள் முகம் மலரும் என்று நான் காத்திருந்தேன். அவள் முகத்திலிருந்த கொஞ்சம் ரத்தமும் வடிந்தது.

“போதும். மூடு,” என்றாள்.

“அக்கா, நீ தள்ளலைன்னு தெரிஞ்சு போச்சு!”

“மூடுன்னு சொன்னேன்ல?”

முக்காலி மெதுவாகக் கேட்டார்: “அலமாரிக் கதவை மூடினேன்னு சொன்னீங்களேம்மா. அலமாரி எங்க?”

நான் பார்த்தேன். அக்காவின் உருளைக்கு முதுகுப் பக்கம் அலமாரிச் சுவர். அவள் நீட்டிய கைக்கு முன்னால் அலமாரி இல்லை, கதவு இல்லை. வெறும் தரை, தரையின் முடிவில் பெரிய முதலாளி.

“கதவை மூடுற கை இல்லையே இது,” என்றார் அவர். “ஒருத்தரை நிறுத்துற கை. ‘நில்லுங்க, அங்க போகாதீங்க’ன்னு நீட்டுற கை. அவரைக் காப்பாத்தக் கத்தியிருக்கீங்க. அதை ஏம்மா மறைக்கணும்?”

அக்காவின் கண் வாசல் பக்கம் போய்த் திரும்பியது.

“பாப்பா, அந்தக் கைப்பிடியை மறுபடி பொருத்திப் பாரு,” என்றார் முக்காலி. “சேரலைன்னு விட்டியே, அந்தத் துண்டு.”

பொருத்தினேன். மற்ற எல்லாம் படத்தோடு அச்சாகச் சேர்ந்தன. பெரிய முதலாளி கை வைத்திருந்த துண்டு மட்டும் படத்தில் சாய்ந்திருந்தது. ஒரு முனை வெளியே தள்ளி, ஒரு முனை கீழே இறங்கி. கழற்றிவிட்டுச் சும்மா சாத்தி வைத்தது போல. அப்போது விட்டதை இப்போது படத்தின்படியே சாய்த்து வரைந்தேன்.

“மாட்டாத கைப்பிடி,” என்றாள் பம்பரம். இந்தத் தடவை ஜோக் வரவில்லை. “அதுல சாய்ஞ்சிருக்காரு. ஆனா இன்னிக்கு அது இரும்பு மாதிரி நின்னுதே சார்.”

“நின்னுது. நாம கேக்கிறதுக்கு முன்னாடியே ஒருத்தர் உலுக்கிக் காட்டினாரு. விழுந்ததுக்கு அப்புறம் யாரோ அவசரமா மாட்டியிருக்காங்க. நட்டு ஆள் பக்கம் வர்ற மாதிரி, தலைகீழா.” அவர் ஊக்கு குத்திய சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். “ஃபிட்டர் மாட்டலை. அது மட்டும் நிச்சயம்.”

மாட்டியது ஃபிட்டர் இல்லை. சரி. கழற்றியது?

அந்தக் கடையில் ஸ்பேனரைத் தொடுகிற ஆள் ஒருவர்தான். அவர் பழக்கத்தை விளக்கு போட்டுக் காட்டியது நான். தெருவில் நின்று, பெருமையாக.

யாரும் வாசலைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் வாசல்தான் தெரிந்தது. அங்கே செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு காலடி தெருவில் இறங்கிப் போனது.

முக்காலி தடியை ஊன்றி எழுந்தார். “காலையில நானும் ஸ்டேஷனுக்கு வர்றேன். லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வாம்மா. அதுல என்ன இருக்கோ அதைத்தான் காட்டுவேன். இல்லாததைக் காட்ட மாட்டேன்.”

படியேறும் முன் பம்பரம் என் காதருகே குனிந்தாள். “தள்ளலைன்னு சொல்லிடலாம் குட்டி. ‘அப்போ எப்படி விழுந்தாரு’ன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு பதில் வேணும். பதில் இல்லைன்னா, யாரு கையில இருக்காங்களோ அவங்களை விட மாட்டாங்க.”

இதுதான் நடந்தது. இப்போது அந்தச் சாய்ந்த துண்டின் மேல் அம்புக்குறி நிற்கிறது.

இதை நேராக்கிவிட்டால் அப்பா இதில் இல்லை. அக்கா தூரத்தில் நின்றாள், அவ்வளவுதான். ஆனால் பம்பரம் சொன்ன கேள்வி அப்படியே நிற்கும். நேராக்காவிட்டால் அக்கா வெளியே வருவாள். அப்பா உள்ளே போவார். யாரைக் கேட்பது? அக்காவைக் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “நேராக்கிடு. என் மேல ஒண்ணும் நிக்காது. அப்பாவால தாங்க முடியாது.”

கதவு திறந்தது. அப்பா. எவ்வளவு தூரம் நடந்தாரோ, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

“கொஞ்சம் திருப்பிக் காட்டு,” என்றார்.

திருப்பினேன். பார்த்தார். சாய்ந்த துண்டைக் கண்டதும் கண்ணை மூடித் திறந்தார்.

“பெரிய பீரோவை மேல ஏத்தணும்னாரு சின்னவரு. கைப்பிடி இடிச்சுது. ‘கழட்டு, நான் பாத்துக்கிறேன், மேல யாரையும் விட மாட்டேன்’னாரு. கழட்டிச் சாத்தி வெச்சுட்டு, பீரோவைப் பிடிக்கக் கீழ போனேன். ஒரு கயித்தையாவது குறுக்க கட்டியிருக்கணும். கட்டலை.” அவர் குரல் உடைந்தது. “இவ ‘நில்லுங்க’ன்னு கத்தினது கீழ வரைக்கும் கேட்டுச்சு. பெரியவரைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். திரும்பி வந்தா கைப்பிடி மாட்டியிருக்கு. தலைகீழா. சின்னவரு சொன்னாரு, ‘வாயைத் திறந்தா, கழட்டினது நீதான்’னு.”

“அப்பா, பேசாம இருங்க,” என்றாள் அக்கா. எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “நான் சமாளிச்சுக்குவேன்னு சொன்னேன்ல?”

“நீ சமாளிப்பேன்னு நம்பித்தான் ரெண்டு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ என்னைக் காப்பாத்துறே. நான் உன்னைப் பலி கொடுக்கிறேன். இது என்ன கணக்கு?” அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: “இதுல நான் எங்க இருக்கேன்?”

“நீங்க இதுல இல்லப்பா.”

“வரை.”

என் விரல் நகரவில்லை. அக்கா மெல்ல வந்து என் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தாள். தடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தாடை என் தோளில் பதிந்தது. ஈரமாக இருந்தது.

“படிக்கட்டுக்குக் கீழ,” என்றார் அப்பா. “பீரோவுக்குப் பக்கத்துல. சாய்ஞ்சதை அப்படியே விட்டுடு. அதைத் தொடாதே.”

பீரோவுக்கு ஒரு பெட்டி வரைந்தேன். அதன் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அப்பாவின் உயரத்துக்கு மேலே இழுத்தேன். உருளை எழுந்தது.

“கால் தரையில இருக்கா?” என்று கேட்டார் அப்பா. “நல்லாத் திருப்பிப் பாத்துச் சொல்லு.”

எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

“இருக்குப்பா.”